லைட் மீட்டரிங்: எந்த மோடை எப்போது தேர்ந்தெடுப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலைகளில் ஒன்று, கேமராவின் மெமரி கார்டில் உள்ள படங்களை அதில் ஏற்றிப் பார்ப்பது. கேமராவின் 3 அங்குலத் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், மானிட்டரில் பெரிதாகத் திறந்ததும் வேறு மாதிரி தெரியும். முகம் கறுத்துப் போயிருக்கும். அல்லது வேட்டியும் சட்டையும் மடிப்புகூடத் தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கும். "கேமரா சரியில்லை" என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் கேமராவில் கோளாறு எதுவும் இருக்காது. லைட் மீட்டரிங் என்ற ஒரு செட்டிங் தவறாக இருந்திருக்கும்.

இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது ஜோலார்பேட்டையில், என் அக்காவின் கல்யாணத்தில். முந்தின நாள் இரவு மண்டபத்து மொட்டை மாடியில் நின்று நிலாவைப் படம் பிடித்தேன். அதற்காகக் கேமராவை ஸ்பாட் மீட்டரிங்கிற்கு மாற்றினேன். நிலா அருமையாக வந்தது. மாற்றியதைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் காலை முகூர்த்தம். ஸ்டூடியோக்காரர் மேடைக்கு முன்னால் நின்றார். நான் பக்கவாட்டில் நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் அப்பா அட்சதை போட்டுவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கோணத்தில் இருந்தது என் கேமரா மட்டும்தான். தொடர்ந்து 7 படங்கள் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், முதல் 6 படங்களில் அக்காவின் கூந்தல் மட்டும் இழை இழையாகத் தெளிவாக இருந்தது. அப்பாவின் முகமும் சட்டையும் ஒன்றாக வெளுத்துப் போயிருந்தன. "என்னடா, என் மூஞ்சியே காணோமே?" என்றார் அப்பா. 7-வது படம் மட்டும் இருட்டாக இருந்தது. ஏன் இப்படி நடந்தது, 7-வது படம் என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையின் போக்கில் பார்ப்போம். காரணம் புரிந்துவிட்டால் எந்த மோடு எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

மீட்டர் என்ன செய்கிறது?

கேமராவுக்குள் ஒளியை அளக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. படத்திற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்று கணக்கிட்டு ஷட்டர் வேகம், லென்ஸின் துவாரம் (அபர்ச்சர்), ஐ.எஸ்.ஓ. ஆகியவற்றை முடிவு செய்வது இதன் வேலை. ஆனால், தன் முன்னால் இருப்பது வெள்ளை வேட்டியா, கறுப்பு ஷூவா என்பது அதற்குத் தெரியாது. பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியின் அளவு மட்டுமே அதற்குத் தெரியும்.

எனவே, அது ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. எதிரில் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறப் பொருள், தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று எடுத்துக்கொள்கிறது. புகைப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை இந்த 18 சதவீதக் கணக்கில் செய்யப்பட்டதுதான். புல்வெளி, செங்கல் சுவர், வெயிலில் நிற்கும் மரம் எல்லாம் கிட்டத்தட்ட இந்த அளவில் இருப்பதால் பெரும்பாலான படங்கள் சரியாக வந்துவிடுகின்றன. வெள்ளையோ கறுப்போ அதிகமாக இருக்கும் இடத்தில்தான் கணக்கு தப்புகிறது.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒளியை இரண்டு மடங்காக்கினால் ஒரு 'ஸ்டாப்' கூடுகிறது. பாதியாக்கினால் ஒரு ஸ்டாப் குறைகிறது. ஷட்டர் வேகத்தை 1/125 வினாடியிலிருந்து 1/60 ஆக்கினால் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி. 1/250 ஆக்கினால் ஒரு ஸ்டாப் குறைவு. கேமராவில் +1, -1 என்று காட்டப்படுவது இதைத்தான்.

ஒரு சிறிய பயிற்சி

படித்துவிட்டு விட்டுவிடாமல் இதை ஒருமுறை செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

1. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புத் தோல் ஷூ, பழுப்பு நிற அட்டைப் பெட்டி ஆகிய மூன்றையும் வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் வைக்கவும்.

2. கேமராவின் மோடு டயலை 'பி' எழுத்துக்குத் திருப்பவும். 'ஆட்டோ' என்ற பச்சை நிற மோடில் பல கேமராக்கள் மீட்டரிங்கை மாற்ற அனுமதிப்பதில்லை. ஃபிளாஷை அணைத்துவிடவும்.

3. மீட்டரிங்கை ஸ்பாட்டிற்கு மாற்றவும்.

4. திரை முழுவதும் வேட்டி மட்டும் தெரியும்படி ஒரு படம், ஷூவின் தோல் மட்டும் தெரியும்படி ஒரு படம், அட்டைப் பெட்டி மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுக்கவும்.

5. மூன்றையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும்.

வேட்டி அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஷூவும் வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். பெட்டி மட்டும் ஏறக்குறைய உள்ளபடி இருக்கும். மூன்று பொருள்களையும் மீட்டர் ஒரே நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையான எண்ணாகப் பதிவாகிறது. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. 18 சதவீதச் சாம்பல் நிறம் இந்தக் கணக்கில் சுமார் 118-இல் விழும். உங்களுடைய மூன்று படங்களின் சராசரியும் இதையொட்டியே இருக்கும்.

அக்காவின் கல்யாணத்தில் நடந்தது இப்போது புரிந்திருக்கும். ஸ்பாட் மோடில் நடுப்புள்ளி அக்காவின் கறுங்கூந்தலில் விழுந்தது. கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்க, இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் ஒளியைக் கூட்டியது. ஏற்கெனவே வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் இருந்த முகங்கள் அதில் வெந்துபோயின. 7-வது படத்தில் நடுப்புள்ளி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அந்த வெள்ளையைச் சாம்பலாக்க கேமரா ஒளியைக் குறைத்தது. படம் இருட்டானது.

மூன்று முக்கிய மோடுகள்

மல்டி மீட்டரிங்: இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. நிக்கானில் மேட்ரிக்ஸ், கேனானில் எவாலுவேட்டிவ், சோனியில் மல்டி. காட்சி முழுவதையும் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியாக அளந்து, எங்கே ஃபோகஸ் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறது. புதிய கேமராக்கள் முகங்களையும் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. இந்த முறை முதலில் வந்தது 1983-இல் நிக்கான் வெளியிட்ட எஃப்.ஏ. என்ற ஃபிலிம் கேமராவில். அது காட்சியை 5 பகுதிகளாகப் பிரித்தது. அன்றாடப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

சென்டர் வெயிட்டட்: காட்சி முழுவதையும் அளந்தாலும், நடுப்பகுதிக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் முறை. கேமராவைப் பொறுத்து 60 முதல் 75 சதவீதம் வரை நடு வட்டத்திற்குப் போகிறது. கேமரா தானாக எந்த யோசனையும் செய்யாது என்பதால், அது எப்போது தவறும் என்று நம்மால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். நடுவில் ஒருவர் நிற்கும் படங்களுக்கு ஏற்றது.

ஸ்பாட்: காட்சியில் 1 முதல் 5 சதவீதம் வரையுள்ள சிறிய வட்டத்தை மட்டும் அளக்கிறது. மற்ற எதையும் கண்டுகொள்ளாது. எந்த இடத்தை அளக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு இதைவிடச் சரியான மோடு இல்லை. தெரியாதவருக்கும் மறந்தவருக்கும் இதைவிட ஆபத்தான மோடும் இல்லை. கேனானின் பல மாடல்களில் ஸ்பாட் வட்டம் எப்போதும் நடுவில்தான் இருக்கும். நிக்கானில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியோடு சேர்ந்து நகரும். உங்கள் கேமராவில் எப்படி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

இவை தவிர கேனானில் பார்ஷியல் என்ற மோடு உண்டு. இது சற்றே பெரிய ஸ்பாட். 2014-இல் வெளிவந்த நிக்கான் டி810 கேமராவிலிருந்து ஹைலைட் வெயிட்டட் என்ற மோடும் வந்தது. இது காட்சியில் மிகவும் வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. மேடை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படும்.

சின்னங்களில் கவனம்

சதுரத்துக்குள் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் உள்ள சின்னம் கேனானில் எவாலுவேட்டிவ் மோடைக் குறிக்கிறது. ஏறக்குறைய அதே சின்னம் நிக்கானில் சென்டர் வெயிட்டட் மோடைக் குறிக்கிறது. நண்பரின் கேமராவை வாங்கிப் பயன்படுத்தும்போது பலரும் ஏமாறுவது இங்கேதான். புள்ளி மட்டும் இருந்தால் இரண்டிலும் ஸ்பாட். சந்தேகம் வந்தால் சின்னத்தை நம்பாமல் மெனுவில் எழுத்தில் உள்ள பெயரைப் படிக்கவும்.

எங்கே எதைப் பயன்படுத்துவது?

ஏலகிரி பின்னணியில் காலைப் படம்: ஜோலார்பேட்டையிலிருந்து பார்த்தால் ஏலகிரி கிழக்கே இருக்கிறது. காலையில் மலையைப் பின்னால் வைத்து ஒருவரை நிறுத்தினால் சூரியனும் அவருக்குப் பின்னால் வந்துவிடும். மல்டி மோடு வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் நிழலாகும். இங்கே ஸ்பாட்டை முகத்தில் வைத்து அளக்கலாம். ஆனால், ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முகம் தெளிவாகும்போது வானமும் மலையும் வெளுத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் மல்டி மோடில் வைத்துக்கொண்டு ஃபிளாஷைப் போடவும். பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அது பயன்படுவதே இந்த மாதிரி இடத்தில்தான். அல்லது மாலையில் வாருங்கள். மேற்கு வெயில் முகத்திலும் விழும், மலையிலும் விழும். அப்போது எந்த மோடும் சரியாகவே வரும்.

கல்யாண மண்டபம்: மேடை விளக்கு, வீடியோ விளக்கு, வெள்ளை வேட்டி, கறுத்த கூந்தல், ஜரிகை என்று எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இங்கே ஸ்பாட் வேண்டவே வேண்டாம். மல்டி மோடில் -1/3 அல்லது -2/3 காம்பன்சேஷன் வைத்துக்கொள்ளவும். படம் சற்று இருட்டாக வந்தாலும் முகத்தின் விவரம் தங்கும்.

கறுப்புத் தோல் ஷூ: ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ, பெல்ட், பர்ஸ் செய்து விற்கும் வீடுகளிலும் சிறிய பட்டறைகளிலும் இப்போது படம் எடுத்து அனுப்புவது அன்றாட வேலையாகிவிட்டது. "கறுப்பு கேட்டேன், சாம்பல் நிறத்தை அனுப்பியிருக்கிறீர்களே" என்று வாங்குபவர் கேட்டால் கஷ்டம். ஷூ திரையை நிறைத்திருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும். -1 முதல் -2 வரை குறைக்கவும். வெள்ளைத் துணியின் மேல் சிறியதாக ஷூ இருந்தால் நிலைமை தலைகீழ். கேமரா வெள்ளையைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். ஷூவின் தையல் தெரியாமல் கறுப்பு மொத்தையாகிவிடும். அப்போது +1 வரை கூட்டவும். இரண்டுக்கும் பொதுவான சுலப வழி ஒன்று உண்டு. ஷூ இருக்கும் இடத்தில் அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஸ்பாட்டில் அளந்து, அந்த அளவை லாக் செய்துகொண்டு, அட்டையை எடுத்துவிட்டு ஷூவைப் படம் எடுக்கவும். ஒரே வெளிச்சத்தில் எடுக்கும் 50 மாடல்களுக்கும் இந்த ஒரு அளவே போதும். எல்லாப் படங்களும் ஒரே சீராக இருக்கும்.

குத்துவிளக்கு, கோயில் தீபம்: சுற்றிலும் இருட்டு, நடுவில் சுடர். மல்டி மோடு இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டும், சுடர் ஊதிப்போகும். ஸ்பாட்டைச் சுடரில் வைத்தாலும் சரிவராது; சுடர் மட்டும் தெரிந்து விளக்கு மறைந்துவிடும். சுடரின் வெளிச்சம் விழும் பித்தளைத் தண்டில் அல்லது பக்கத்தில் இருப்பவரின் கன்னத்தில் ஸ்பாட்டை வைக்கவும்.

இரவில் வரும் ரயில்: ஜோலார்பேட்டை ஜங்ஷனில் சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று திசை வண்டிகளையும் பார்க்கலாம். இன்ஜினின் முகப்பு விளக்கு நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாம் கறுத்துவிடும். வண்டி வருவதற்கு முன்பே, விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் பிளாட்ஃபாரத் தரையை அளந்து லாக் செய்துகொள்ளவும். படம் எடுக்கும் ஆர்வத்தில் பிளாட்ஃபாரத்தின் விளிம்புக்குப் போக வேண்டாம். தண்டவாளத்துக்கு அருகே எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம்.

நிலா: சுற்றிலும் இருட்டு என்பதால் மல்டி மோடில் நிலா வெறும் வெள்ளை உருண்டையாக வரும். இங்கே ஸ்பாட் சரியான தேர்வு. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறைதான். எனவே, பகல் வெயிலுக்குப் போடும் அளவே ஏறக்குறைய அதற்கும் பொருந்தும். ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 1/125 என்று தொடங்கிப் பாருங்கள். எடுத்து முடித்ததும், தயவுசெய்து, மல்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

லாக், காம்பன்சேஷன்

ஸ்பாட்டில் அளந்த பிறகு கேமராவை நகர்த்தினால் அளவும் மாறிவிடும். அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் எக்ஸ்போஷர் லாக். நிக்கானில் ஏ.ஈ.-எல் என்ற பட்டன். கேனானில் நட்சத்திரக் குறியிட்ட பட்டன். செய்யும் முறை இதுதான்:

1. மோடு டயலை 'பி' அல்லது 'ஏ' நிலையில் வைக்கவும்.
2. ஸ்பாட்டைத் தேர்வு செய்து, அளக்க வேண்டிய இடத்தில் வட்டத்தை வைக்கவும்.
3. லாக் பட்டனை அழுத்தவும். திரையில் லாக் குறி தோன்றுகிறதா என்று பார்க்கவும்.
4. படத்தை உங்களுக்கு வேண்டியபடி அமைத்து, ஃபோகஸ் செய்து எடுக்கவும்.
5. மல்டிக்குத் திரும்பவும்.

கூட்டல், கழித்தல் குறி உள்ள பட்டன் காம்பன்சேஷனுக்கானது. இதில் குழப்பம் வராமல் இருக்க ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. வெள்ளைப் பொருளைப் படம் எடுக்கும்போது ஒளியைக் குறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கேமரா ஏற்கெனவே குறைத்துவிட்டது. நாம் அதைத் திருப்பிக் கூட்டுகிறோம். பயிற்சியில் எடுத்த வேட்டியை +2 வைத்தும், ஷூவை -2 வைத்தும் மறுபடி எடுத்துப் பாருங்கள். வேட்டி வேட்டியாகவும் ஷூ ஷூவாகவும் வரும்.

'எம்' என்ற மேனுவல் மோடில் ஒளியை நீங்களே முடிவு செய்கிறீர்கள். ஐ.எஸ்.ஓ.வும் ஆட்டோவில் இல்லாதபோது, மீட்டரிங் மோடை மாற்றினால் திரையில் காட்டும் அளவுக்கோடு மட்டும் நகரும், படம் மாறாது.

முகத்தின் நிறம்

"நான் இவ்வளவு கறுப்பா?" என்ற கேள்வியையும், "பவுடர் பூசின மாதிரி இருக்கே" என்ற கேள்வியையும் படம் எடுப்பவர் கேட்டிருப்பார். நம் ஊரில் மாநிறம், கறுப்பு, சிவப்பு எல்லாம் ஒரே குடும்பத்தில் இருக்கும். கறுத்த முகத்தில் ஸ்பாட்டை வைத்தால் கேமரா அதை நடுத்தரத்துக்கு ஏற்றி வெளுக்கச் செய்யும். சிவந்த முகத்தில் வைத்தால் மங்கச் செய்யும். இரண்டுமே அவருடைய நிறம் அல்ல.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடுவதில்லை. அது சாம்பல் அட்டையைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. எனவே, படம் எடுக்கப்படுபவர் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை ஸ்பாட்டில் அளந்து, +1 கூட்டி லாக் செய்துகொள்ளவும். கறுத்தவர் கறுப்பாகவே, ஆனால் முகத்தின் களையோடு வருவார். யாரையும் வெளுக்க வைக்க வேண்டியதில்லை.

மொபைல் கேமராவில்

மொபைல் போனில் படம் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். திரையில் ஓர் இடத்தைத் தொட்டால் ஃபோகஸோடு ஒளி அளவும் அந்த இடத்துக்கு ஏற்ப மாறும். தொட்ட பிறகு தோன்றும் சூரியன் குறியை மேலும் கீழும் இழுப்பது காம்பன்சேஷன். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்திருந்தால் அளவு லாக் ஆகிவிடும். சாம்சங் போன்ற சில போன்களின் 'ப்ரோ' மோடில் மேட்ரிக்ஸ், சென்டர், ஸ்பாட் மூன்றும் பெயரோடு இருக்கின்றன. போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் எச்.டி.ஆர். வசதி ஏலகிரி மாதிரியான இடங்களில் கைகொடுக்கும்.

கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது எப்படி?

கேமரா ஒவ்வொரு படத்தோடும் சில குறிப்புகளைச் சேர்த்து எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'டீடெய்ல்ஸ்' டேபைத் திறக்கவும். கேமரா என்ற தலைப்பின் கீழ் 'மீட்டரிங் மோட்' என்ற வரி இருக்கும். அதில் 'பேட்டர்ன்' என்று இருந்தால் மல்டி மோடு என்று பொருள். சென்டர் வெயிட்டட், ஸ்பாட் ஆகியவை அதே பெயரில் இருக்கும். 'எக்ஸ்போஷர் பயஸ்' என்ற வரி நீங்கள் வைத்த காம்பன்சேஷனைக் காட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படங்களில் இந்தக் குறிப்புகள் இருக்காது. 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

என் 7 படங்களிலும் அந்த வரியில் 'ஸ்பாட்' என்று இருந்தது. கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சண்டை போடலாம் என்றிருந்த எனக்கு, தவறு யாருடையது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

அடுத்து ஹிஸ்டோகிராம். கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் படத்தைத் திறந்து, 'கலர்ஸ்' மெனுவில் 'இன்ஃபோ', அதில் 'ஹிஸ்டோகிராம்' என்று போகவும். இடது ஓரம் 0, வலது ஓரம் 255. மலை போன்ற வரைபடம் வலது ஓரத்தில் சுவரைப் போல முட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பகுதி வெளுத்துவிட்டது என்று பொருள். கேமராவிலேயே ஹிஸ்டோகிராமும், வெளுத்த இடங்கள் மினுமினுத்துக் காட்டும் எச்சரிக்கையும் உண்டு. அவற்றை மெனுவில் ஆன் செய்து வைத்துக்கொள்ளவும். வெயிலில் கேமராத் திரையின் வெளிச்சத்தை நம்ப முடியாது, ஹிஸ்டோகிராமை நம்பலாம்.

"பிறகு கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம்"

இது பாதி உண்மை. இருட்டான இடத்தில் 10, 15, 20 என்று வெவ்வேறு எண்கள் இருந்தால், அவற்றைப் பெருக்கி மேலே கொண்டுவர முடியும். புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்; ஆனால் உருவம் வரும். வெளுத்துப் போன இடத்தில் எல்லாப் புள்ளிகளும் 255. கண்ணும் 255, கன்னமும் 255, சட்டையும் 255. இவற்றில் எது கண் என்று எந்த சாஃப்ட்வேராலும் கண்டுபிடிக்க முடியாது. இல்லாததைத் தானாகவே வரைந்து நிரப்பும் வசதிகள் இப்போது வந்திருக்கின்றன. அப்படி வரும் முகம் சாஃப்ட்வேரின் கற்பனையே தவிர உங்கள் அப்பாவின் முகம் அல்ல.

முக்கியமான நிகழ்ச்சிகளில் 'ரா' ஃபார்மேட்டில் எடுத்தால் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4,096 படிகள். 14 பிட்டில் 16,384 படிகள். ஆனால், சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டால் ராவாலும் பயன் இல்லை. சந்தேகம் இருந்தால் இருட்டின் பக்கம் தவறுங்கள்.

காவலூரில் ஒரு ஸ்பாட் மீட்டர்

ஸ்பாட் மீட்டரிங்கின் மிகச் சிறந்த உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனால் காவலூர் வரும். இங்குள்ள வானியல் ஆய்வகத்துக்கு, அதை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயர் 1986-இல் சூட்டப்பட்டது. இங்கே 1972-இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியில், 1977 மார்ச் 10 அன்று ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் கோள் அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும் நேரம் அது. ஒளியை அளக்கும் ஃபோட்டோமீட்டரில், வானத்தின் மற்ற பகுதிகளின் ஒளி நுழையாதபடி ஒரு சிறு துவாரம் மட்டுமே இருக்கும். நாம் சொல்லும் ஸ்பாட் வட்டம் அதுதான். கோள் நட்சத்திரத்தை நெருங்குவதற்கு முன்பே ஒளி சில வினாடிகள் குறைந்து மீண்டது. அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகமும் அதே நிகழ்வில் இத்தகைய குறைவுகளைப் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. எதை அளக்கிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஸ்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நமக்கும் அதுதான் முதல் தகுதி.

கிளம்பும் முன் ஐந்து விஷயங்கள்

1. மீட்டரிங்: மல்டி.
2. காம்பன்சேஷன்: 0.
3. ஐ.எஸ்.ஓ.: ஆட்டோ.
4. வெளுப்பு எச்சரிக்கை: ஆன்.
5. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்தாயிற்றா?

இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேமராப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் இருக்கிறது.

7-வது படத்தை கிம்பில் இரண்டு ஸ்டாப் ஏற்றினேன். அப்பா வந்துவிட்டார். சட்டையில் மடிப்பு தெரிகிறது. நிழலில் கொஞ்சம் இரைச்சலும் தெரிகிறது. ஆனால், அதற்குள் அவர் கண்ணைத் துடைத்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். முதல் 6 படங்களை நான் இன்னும் அழிக்கவில்லை; அவற்றிலிருந்து எதுவும் வராது என்று தெரிந்தும்.